பந்து உருண்டு வந்த கதை

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் ரோட்டில் சுமார் முப்பது கிலோமீட்டர் போனால் வாழப்பாடி. பாக்குத் தோப்பும் மரவள்ளிக் காடும் சூழ்ந்த ஊர். இந்த ஊரில்தான் என்றில்லை, சேலம், நாமக்கல் வட்டாரத்தில் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டிலும் ஐந்து நிமிஷம் நின்று தலையை நிமிர்த்திப் பாருங்கள். ஃப்ளெக்ஸ் பேனர்! நம் காலத்தின் மாபெரும் ஓவியக் கலை அதுதான் என்று சொன்னால் ஓவியர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால், ஓர் ஊர் யாரையெல்லாம் படமாக்கிப் பார்க்க ஆசைப்படுகிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நேர்மையான ஆவணம் கிடையாது.

ஒரு பெண்ணின் முகம் முதல்முறையாக அந்த பேனரில் எப்போது ஏறுகிறது? மஞ்சள் நீராட்டு விழாவுக்கு. பட்டுப் பாவாடையும் ஒட்டியாணமுமாக, பின்னால் கம்ப்யூட்டர் வரைந்த நீர்வீழ்ச்சியோடு, அந்தப் பெண் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கும். நன்றாகப் படித்தால் இரண்டாவது வாய்ப்பு. பிளஸ் டூ மார்க்கைப் போட்டு பள்ளிக்கூடம் வைக்கும் பேனர். மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-ல் நிறுத்திய பிறகும், பாஸ்போர்ட் சைஸ் முகங்களை வரிசையாக அடுக்கி மார்க் போடும் ஆசை முழுசாகப் போய்விடவில்லை. மூன்றாவது, கல்யாணம். நான்காவது... வேண்டாம், அது கண்ணீர் அஞ்சலி.

இந்த நாலு படத்திலும் அவள் நிற்கிறாள் அல்லது உட்கார்ந்திருக்கிறாள். எதிலும் ஓடவில்லை. வியர்க்கவில்லை. இன்னொரு பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு 'ஜெயிச்சுட்டோம்டீ!' என்று கத்தவில்லை.

இதே வாழப்பாடியில் அருமையான கிரிக்கெட் மைதானம் ஒன்று இருக்கிறது. சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷன் கட்டியது. 2020 பிப்ரவரியில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியும் ராகுல் திராவிட்டும் வந்து திறந்துவைத்தார்கள். 2022-ல் டி.என்.பி.எல். போட்டிகளே அங்கே நடந்தன. பக்கத்தில் சின்னப்பம்பட்டியிலிருந்து நடராஜன் கிளம்பிப் போய் இந்தியாவுக்கு யார்க்கர் போட்ட கதை ஊருக்கே தெரியும். 'நானும் நடராஜன் ஆவேன்' என்று சொல்ல ஒரு பையனுக்குப் படம் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு?

'அதெல்லாம் நம்ம கலாசாரத்திலேயே இல்லை சார்' என்று ஒருவர் எழுந்து நிற்பார். அவருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

இருக்கிறது சார். இரண்டாயிரம் வருஷமாக இருக்கிறது. தமிழ் இலக்கியத்தைப் புரட்டினால் பந்தும் கையுமாகத்தான் பெண்கள் வருகிறார்கள். சங்கப் பாடல்களில் வரிவரியாக நூல் சுற்றிய பந்து, கழங்கு, பாவை - இவைதான் பெண் குழந்தையின் சொத்து. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் வஞ்சி நகரத்துப் பெண்கள் அம்மானை ஆடுகிறார்கள், ஊஞ்சல் ஆடுகிறார்கள், நடுவே 'கந்துக வரி' என்று ஒரு பகுதி வருகிறது. கந்துகம் என்றால் பந்து. பாண்டியனை வாழ்த்திக்கொண்டே கூட்டமாகப் பந்தடிக்கிறார்கள். காஞ்சிபுரத்தோடு தொடர்புடைய தண்டி, வடமொழியில் எழுதிய 'தசகுமார சரித'த்தில் ஓர் இளவரசிக்குப் பெயரே கந்துகாவதி! ஊர் கூடிப் பார்க்க அவள் பந்தாடுவது ஒரு திருவிழா. பாகவதத்தில் சிவனே மயங்கிப் போகும் மோகினி அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள்? பந்து விளையாடிக்கொண்டிருந்தாள். கஜுராஹோ கோயில் சுவர்களில் பந்தாடும் பெண்ணின் சிற்பங்கள் உண்டு.

ஆக, படத்துக்குப் பஞ்சமில்லை. படத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் விவகாரம்.

சீவக சிந்தாமணிக்கு வாருங்கள். சீவகன் இராசமாபுரத்துக் கடைத்தெருவில் நடந்து போகிறான். மேலே மாடத்தில் சாகரதத்தன் என்ற வணிகனின் மகள் விமலை பந்தாடிக்கொண்டிருக்கிறாள். பந்து கை தவறித் தெருவில் விழுகிறது. சீவகன் முன்னால் வந்து உருள்கிறது. அவள் எட்டிப் பார்க்கிறாள், அவன் நிமிர்ந்து பார்க்கிறான். முடிந்தது கதை. அடுத்து கல்யாணம். அதற்கப்புறம் அந்தப் பந்து என்ன ஆயிற்று என்று திருத்தக்கதேவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

இதே காட்சியை அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னால், கடல் கடந்து ஒருவர் எழுதிவிட்டார். ஹோமர்! 'ஒடிஸி'யில் நௌசிகா என்ற இளவரசி தோழிகளோடு ஆற்றங்கரையில் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் பந்து விளையாடுகிறாள். தோழியைப் பார்த்து எறிந்த பந்து குறி தவறி ஆற்றுச் சுழலில் விழுகிறது. எல்லாப் பெண்களும் 'ஐயோ' என்று கூச்சல் போட, புதருக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஒடிஸியஸ் விழித்துக்கொள்கிறான். கிரேக்கத்திலும் சரி, தமிழிலும் சரி, பெண் கையில் பந்தைக் கொடுக்கும் கவிஞனுக்கு ஒரே ஒரு திட்டம்தான்: பந்து தவற வேண்டும். தவறினால்தானே கதாநாயகன் வர முடியும்?

கவனித்தீர்களா? அவள் எத்தனை முறை சரியாகப் பிடித்தாள் என்பது கணக்கில் இல்லை.

அந்தக் கணக்கை ஒழுங்காக எழுதிவைத்த ஒரு புலவர் உண்டு. அவர் நம் கொங்கு நாட்டுக்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். கொங்குவேளிர். ஈரோடு மாவட்டம் விஜயமங்கலம்தான் அவர் ஊர் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவர் எழுதிய பெருங்கதையை உ.வே.சாமிநாதையர் 1924-ல் அச்சில் கொண்டுவந்தார். தலையும் வாலும் கிடைக்கவில்லை. கிடைத்த நடுப்பகுதியில், வத்தவ காண்டத்தில், 'பந்தடி கண்டது' என்று ஒரு காதை. அதைப் படித்தால் இன்றைய ஸ்போர்ட்ஸ் ரிப்போர்ட்டர் பொறாமைப்படுவார்.

உதயணனுக்கு இரண்டு ராணிகள், வாசவதத்தையும் பதுமாபதியும். இரண்டு ராணிகளின் தோழிப் பெண்களுக்கும் பந்தடிப் போட்டி. அதாவது டீம் மேட்ச்! இந்தப் பக்கம் ஒருத்தி இறங்கி அடிக்கிறாள், அந்தப் பக்கம் ஒருத்தி இறங்கி அதை முந்துகிறாள். எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறிக்கொண்டே போகிறது. எப்படி அடித்தாள், எந்தப் பக்கம் திரும்பினாள், பந்து எப்படிச் சுழன்றது, கால் எங்கே போனது... எல்லாம் வரிசையாக வருகிறது. கடைசியில் இறங்குகிறாள் மானனீகை. கோசல நாட்டு அரசன் மகள். போரில் சிறைப்பட்டு, வாசவதத்தைக்கு அலங்காரம் செய்யும் பணிப்பெண்ணாக இருப்பவள். அவள் ஆடும் ஆட்டத்தில் போட்டியே முடிந்துபோகிறது.

யோசித்துப் பாருங்கள். ராஜ்யம் போயிற்று, பெயர் போயிற்று, அடுத்தவள் முகத்துக்குத் திலகம் வைத்துப் பிழைக்கும் ஒரு பெண். கையில் பந்து வந்த அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் ஊரே அவளைப் பார்க்கிறது. தமிழில் ஒரு விளையாட்டு வீராங்கனையைப் பற்றிய முதல் முழுநீளச் சித்திரம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால், தலைப்பைப் பாருங்கள்: பந்தடி 'கண்டது'. கண்டது யார்? உதயணன். மறைவாக இருந்து! மானனீகை ஜெயித்ததும் அவன் மனசைப் பறிகொடுக்கிறான். அடுத்த காதையில் அவள் முகத்திலேயே ரகசிய எழுத்தில் காதல் கடிதம் எழுதுகிறான். அதற்கும் அடுத்து மணம். கோப்பை எங்கே என்று கேட்காதீர்கள். உதயணன்தான் கோப்பை.

இப்படித்தான் போயிற்று நம் மரபு. திரிகூட ராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடுகிறாள், உலா வரும் குற்றாலநாதரைக் கண்டு மயங்குகிறாள். குறவஞ்சி என்றால் நாயகி பந்தாடியே தீரவேண்டும் என்பது சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. 1944-ல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவில் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக்கினார். இன்றும் மேடையில் பரதம் ஆடும் பெண்கள் பந்தை உயர எறிகிறார்கள், குனிந்து தட்டுகிறார்கள், சுழன்று பிடிக்கிறார்கள். பார்க்கவே அத்தனை அழகு. பந்துதான் இல்லை!

சங்கப் பாடல்களில் இதன் மறுபக்கம் இருக்கிறது, கொஞ்சம் வலிக்கும். பெண் பெரியவள் ஆனதும் வீட்டுக்குள் வைப்பதற்கு 'இற்செறிப்பு' என்று பெயர். மகள் காதலனோடு போய்விட்ட பிறகு தாய் வீட்டில் கிடக்கும் அவளுடைய பந்தையும் பொம்மையையும் பார்த்து அழும் பாடல்கள் உண்டு. அதாவது பந்து என்பது ஒரு வயது வரைக்கும்தான். அதற்கப்புறம் அது ஞாபகப் பொருள். மஞ்சள் நீராட்டு பேனரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாய்தான் நினைவுக்கு வருகிறாள். எட்டாவது வரை கபடி டீமில் இருந்த பெண் ஒன்பதாவதில் ஏன் இல்லை என்று எந்த பி.இ.டி. வாத்தியாரையாவது கேட்டுப் பாருங்கள். 'வீட்ல வேணாம்னுட்டாங்க' என்பார். ட்ரவுசர் போட வேண்டும், வெளியூர் போக வேண்டும், வெயிலில் கறுத்துவிடும், கையை காலை உடைத்துக்கொண்டால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள்... பட்டியல் நீளம்.

பொங்கல் விளையாட்டுப் போட்டி நோட்டீஸையும் பாருங்கள். ஆண்களுக்கு: கபடி, வாலிபால், கயிறு இழுத்தல். பெண்களுக்கு: கோலப் போட்டி, மியூசிக்கல் சேர், லெமன் அண்ட் ஸ்பூன். எலுமிச்சம்பழத்தை ஸ்பூனில் வைத்துக்கொண்டு சிந்தாமல் சிதறாமல் மெதுவாக நடக்கும் அந்தப் போட்டியைக் கண்டுபிடித்தவரை நான் பாராட்டுகிறேன். பெண்ணிடம் இந்த ஊர் எதை எதிர்பார்க்கிறதோ அதை அப்படியே விளையாட்டாக்கிவிட்டார்!

நவீன ஓவியம் வந்ததும் நிலைமை மாறியதா? அம்ரிதா ஷெர்கில் 1935-ல் வரைந்த 'மூன்று பெண்கள்' படத்தைப் பார்த்திருப்பீர்கள். பம்பாய் ஆர்ட் சொசைட்டியின் தங்கப் பதக்கம் வாங்கிய ஓவியம். மூன்று பேரும் சேர்ந்துதான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால், டீம் இல்லை. ஒரே விதிக்குக் காத்திருக்கும் மூன்று தனி ஆட்கள். அது அந்தக் காலத்தின் உண்மை, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மெரினா கடற்கரைக்குப் போங்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை. நாலு பேர் பாறையை நெம்புகிறார்கள். நாலு உடம்பும் ஒரே மூச்சாக இயங்குவதை வெண்கலத்தில் எப்படிக் காட்டுவது என்பதற்கு அதைவிடப் பாடம் கிடையாது. நாலு பேரும் ஆண்கள். அதே கடற்கரையில் பெண் சிலைகளும் இருக்கின்றன. ஔவையார், கண்ணகி, அன்னி பெசன்ட். எல்லாரும் தனித்தனியாக.

பெண்கள் சேர்ந்து விளையாடுவதை விளையாட்டாகவே காட்டிய பழைய படம் உலகில் எங்கேயாவது உண்டா? உண்டு. இத்தாலிக்குத் தெற்கே சிசிலித் தீவில், பியாஸா அர்மெரினா என்ற ஊருக்குப் பக்கத்தில், நாலாம் நூற்றாண்டு ரோமானிய மாளிகை ஒன்றை மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தார்கள். ஓர் அறையின் தரை முழுக்க வண்ணக் கல் பதித்த சித்திரம். பத்துப் பெண்கள், பெரும்பாலோர் டூ-பீஸ் உடையில். ஒருத்தி வட்டு எறிகிறாள், இருவர் ஓடுகிறார்கள், இருவர் பந்தை மாற்றி மாற்றி எறிகிறார்கள். உலகம் அதற்கு வைத்த செல்லப் பெயர் 'பிகினி கேர்ள்ஸ்'! உடைதான் கண்ணில் பட்டிருக்கிறது, பாருங்கள். அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது ஓரமாக நிற்கும் இன்னொரு பெண். கையில் வெற்றிக்கு அடையாளமான ஓலை. தலையில் கிரீடம். ஜெயித்தவள்! எந்த உதயணனும் ஒளிந்து நிற்கவில்லை.

அதற்கப்புறம் ஆயிரத்து அறுநூறு வருஷம் ஃபாஸ்ட் ஃபார்வர்டு. இங்கிலாந்தில் முதல் உலகப் போர் சமயத்தில் ஆண்கள் எல்லாம் போர்முனைக்குப் போய்விட, தொழிற்சாலைப் பெண்கள் ஃபுட்பால் ஆட ஆரம்பித்தார்கள். பிரஸ்டன் நகரத்தின் டிக் கெர் கம்பெனிப் பெண்கள் டீம் 1920 டிசம்பரில் லிவர்பூலில் ஆடிய மேட்சுக்கு 53 ஆயிரம் பேர் வந்தார்கள். ஃபுட்பால் சங்கத்துக்கு என்னவோ செய்தது. 1921 டிசம்பரில் 'இந்த விளையாட்டு பெண்களுக்கு உகந்ததல்ல' என்று சொல்லி, சங்கத்தின் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டுவிட்டார்கள். தடை நீங்க ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆயிற்று. அந்த டீமின் நட்சத்திரம் லில்லி பார் என்ற பெண்ணுக்கு மான்செஸ்டரில் சிலை வைத்தது 2019-ல். பிரிட்டனில் ஒரு ஃபுட்பால் வீராங்கனைக்கு வைத்த முதல் சிலை அது.

அதே 2019-ல் ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். மெல்போர்னில் ஒரு மேட்ச். டெய்லா ஹாரிஸ் என்ற வீராங்கனை பந்தை உதைத்த கணத்தை மைக்கேல் வில்சன் என்ற போட்டோகிராபர் பிடித்தார். உடம்பு தரையை விட்டு மேலே. உதைத்த கால் தலைக்கு மேலே! ஓர் உடம்பு முழுசாக ஒரே வேலையில் இறங்கினால் எப்படி இருக்கும் என்பதற்கு அந்தப் படம்தான் அகராதி. டி.வி. சேனல் அதைத் தன் பக்கத்தில் போட்டது. கீழே வந்து கொட்டிய கமென்ட்டுகள்... இங்கே எழுத முடியாது. சேனல் என்ன செய்தது? ஆபாசமாக எழுதியவர்களை விட்டுவிட்டு படத்தை எடுத்துவிட்டது! நாடே கொந்தளித்தது. மன்னிப்புக் கேட்டுப் படத்தை மறுபடி போட்டார்கள். ஆறே மாதத்தில் அந்த உதையை அப்படியே வெண்கலத்தில் வார்த்து, மூன்றே கால் மீட்டருக்கும் அதிக உயரத்தில், மெல்போர்னின் ஃபெடரேஷன் சதுக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். சிற்பி டெரன்ஸ் ப்ளோரைட். எடுத்த போட்டோவுக்கு நடந்த வழக்கில் தீர்ப்பு எழுதிய மாதிரி ஒரு சிலை!

கிரிக்கெட்டில்? ஒருநாள் போட்டியில் முதல் இரட்டைச் சதம் அடித்தது யார் என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் 'சச்சின், 2010, குவாலியர்' என்பார்கள். இல்லை. பெலிண்டா கிளார்க், ஆஸ்திரேலியா. டென்மார்க்குக்கு எதிராக 229 நாட் அவுட். நாள், 1997 டிசம்பர் 16. இடம்? நம்ம மும்பை! நம் ஊரிலேயே நடந்த சங்கதி, நமக்கே தெரியவில்லை. அவருக்கு சிட்னி மைதானத்தில் 2023 ஜனவரியில் சிலை திறந்தார்கள். உலகத்திலேயே ஒரு கிரிக்கெட் வீராங்கனைக்கு வைத்த முதல் சிலை. அதே வருஷம் நவம்பரில் மும்பை வாங்கடேயில் சச்சினுக்குச் சிலை வந்தது.

சரி, நம் ஊருக்குத் திரும்புவோம். இங்கே சிலையைவிட சினிமாதான் செல்வாக்கு. 'கில்லி' வந்த 2004-ல் கபடி என்றால் விஜய் களத்தில், த்ரிஷா பார்வையாளர் வரிசையில். 2009-ன் 'வெண்ணிலா கபடி குழு'விலும் களம் ஆண்களுக்கு, காத்திருப்பு பெண்ணுக்கு. மஞ்சுவிரட்டைக் கலித்தொகைப் பெண்கள் பரண்மேல் இருந்து பார்த்த அதே இடம்தான்.

2018 டிசம்பரில் 'கனா' வந்தது. அருண்ராஜா காமராஜ் இயக்கம். குளித்தலைப் பக்கத்து விவசாயி மகளாக ஐஸ்வர்யா ராஜேஷ் பந்து வீசினார். அதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்தப் பெண்ணுக்குப் பந்து வீசுவது வேலை, கவர்ச்சி இல்லை. சட்டையெல்லாம் மண். அடுத்த வருஷ தீபாவளிக்கு 'பிகில்'. ஒரு பெரிய ஹீரோ படத்தில் பதினோரு பெண்கள் ஃபுட்பால் ஆடுவது சின்ன விஷயம் இல்லை. தியேட்டரில் சின்னப் பெண்கள் விசிலடித்தார்கள். ஆனால், நடுவில் நின்றது கோச்சேதான். அதிலும் ஒரு பெண்ணை அவள் உடம்பைச் சொல்லி அவமானப்படுத்தி, அதனாலேயே அவளுக்கு வெறி வந்து ஆடுவதாக வைத்த காட்சியைப் பலர் கண்டித்தார்கள். எனக்கும் அது ஒட்டவில்லை.

சினிமா இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது நிஜம் ரொம்ப தூரம் போய்விட்டது என்பதுதான் வேடிக்கை. 'பிகில்' வருவதற்கு ஒன்றரை வருஷம் முன்னாலேயே, 2018 பிப்ரவரியில், தமிழ்நாட்டுப் பெண்கள் அணி மணிப்பூரை வீழ்த்தி ஃபுட்பாலில் தேசிய சாம்பியன் ஆகியிருந்தது. மணிப்பூர் என்றால் பெண்கள் ஃபுட்பாலின் கோட்டை! 2023-ல் மறுபடியும் சாம்பியன். 2013 உலகக் கோப்பையில் சதமடித்த சென்னைப் பெண் திருஷ் காமினி, உலகக் கோப்பையில் சதம் கண்ட முதல் இந்திய வீராங்கனை. எத்தனை பேர் மனசில் இவர்களுக்கு முகம் இருக்கிறது? நம் சேப்பாக்கத்திலேயே 2024 ஜூனில் ஷஃபாலி வர்மா டெஸ்டில் இரட்டைச் சதம் அடித்து, இந்தியப் பெண்கள் 603 ரன் குவித்தார்கள். பெண்கள் டெஸ்ட் வரலாற்றிலேயே அதுவரை யாரும் எடுக்காத ஸ்கோர்.

செஸ்ஸையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒலிம்பியாட் என்பது டீம் போட்டிதானே? 2022-ல் மாமல்லபுரத்தில் நடந்தபோது நேப்பியர் பாலத்தையே சதுரங்கக் கட்டமாகப் பெயின்ட் அடித்தார்கள். போட்டியின் சின்னம் வேட்டி கட்டிய குதிரை; பெயர் 'தம்பி'. அங்கே இந்தியப் பெண்கள் முதல் அணி வெண்கலம் வாங்கியது. அந்த அணியில் ஹரிகா துரோணவல்லி ஒன்பது மாதக் கர்ப்பிணியாக உட்கார்ந்து ஆடினார். ஒரு ஓவியருக்கு இதைவிட என்ன வேண்டும்? பாலத்தில் வரைந்தது கட்டத்தை மட்டும். 2024-ல் தமிழ்நாட்டில் கேலோ இந்தியா போட்டிகள் நடந்தபோது சின்னம் 'வீரமங்கை', அதாவது வேலு நாச்சியார். சந்தோஷம். ஆனாலும், விளையாடுகிற பெண்ணைக் காட்ட ஒரு ராணியைக் கூப்பிட வேண்டியிருக்கிறதே, ஸ்கூல் யூனிஃபார்மில் ஒரு பெண் போதாதா என்று எனக்குத் தோன்றியது நிஜம்.

2025 அக்டோபர், நவம்பரில் இது கொஞ்சம் உடைந்தது. நவி மும்பையில் உலகக் கோப்பை அரையிறுதி. ஆஸ்திரேலியாவை வென்று 127 ரன்னோடு ஜெமிமா ரோட்ரிக்ஸ் நின்றார். சட்டை முழுக்கச் சேறு, முகம் முழுக்கக் கண்ணீர். காவியப் புலவர்கள் பந்தாடும் பெண்ணின் வியர்வையை முத்து என்பார்கள். இது முத்து இல்லை, அழுக்கு. நாடே அந்த அழுக்கைப் பார்த்து அழுதது. நவம்பர் 2-ம் தேதி தென்னாப்பிரிக்காவை ஜெயித்த பிறகு எடுத்த படங்களில் ஒன்று: காயம்பட்டு ஆட முடியாமல் போன பிரதிகா ராவல் சக்கர நாற்காலியில், மற்றவர்கள் நடுவே. இன்னொன்று: மிதாலி ராஜ், ஜூலன் கோஸ்வாமி போன்ற பழையவர்கள் கையில் கோப்பை. 'நாங்கள்' என்பதை எப்படிப் படம் எடுப்பது என்று கேட்டால் இந்த இரண்டையும் காட்டலாம்.

அதற்குச் சில நாள் முன்னால்தான் நம்ம கார்த்திகா. பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் பெண்கள் கபடித் தங்கம்; இந்திய அணியின் துணை கேப்டன் சென்னை கண்ணகி நகர்ப் பெண். கண்ணகி நகர் என்பது நகரத்தின் குடிசைகளிலிருந்து பெயர்த்தெடுத்தவர்களைக் கொண்டுபோய் வைத்த இடம். அந்த அட்ரஸைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று அங்கே உள்ளவர்கள் புலம்பிய காலம் உண்டு. 2020 வாக்கில் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு ஓவியர்களைக் கூட்டிவந்து அங்குள்ள மாடி வீட்டுச் சுவர்களில் பிரமாண்டமாகப் படம் வரைந்தது. ஏரியாவே கலைக்கூடமாயிற்று. அந்தச் சுவர்களுக்குக் கீழே தெருவில்தான் பெண்கள் கபடி ஆடினார்கள். கார்த்திகா தன் பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயரைப் போட்டுக்கொள்ள விரும்பினார். கண்ணகி நகர் கார்த்திகா!

கபடி நமக்குப் புதுசு இல்லை. 2010-ல் ஆசிய விளையாட்டில் பெண்கள் கபடி சேர்ந்ததிலிருந்தே இந்தியா தங்கம் வாங்கி வருகிறது. நடுவில் 2018-ல் ஈரானிடம் மட்டும் பறிகொடுத்தது. 2023-ல் ஹாங்சோவில் சீன தைபேயை 26-25 என்று ஒரே பாயின்ட்டில் வென்ற தங்கம்தான் அந்தப் போட்டிகளில் இந்தியாவின் நூறாவது பதக்கம். அந்தத் தலைமுறையை வளர்த்தவர்களில் ஒருவர் நம் தமிழ்நாட்டின் கவிதா செல்வராஜ். அவருக்கு அந்த வருஷத்துக்கான தயான்சந்த் விருது கிடைத்தது. விருது வாங்கிய படம் இருக்கிறது. ஆடிய படம்?

கபடியைப் படம் பிடிப்பது லேசான வேலையும் இல்லை. பாடிப் போனவளை ஏழு பேர் அமுக்கினால் காமிராவுக்குக் கிடைப்பது ஒரு கை, நாலு முதுகு, எங்கோ ஒரு பின்னல். முகமே தெரியாது. அதனால்தான் போட்டோகிராபர்கள் அமுக்குவதற்கு ஒரு நொடி முன்னால் எடுக்கிறார்கள். ரெய்டர் மட்டும்: ஒரு கால் முன்னால் மடங்கி, இன்னொரு கால் பின்னால் நீண்டு, இரண்டு கையும் விரிந்து.

இந்த நிலையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றுகிறதா? சேலம், தர்மபுரி, திருவண்ணாமலை வட்டாரத்தில் வயலோரமும் ஏரிக்கரையிலும் நிற்கும் நடுகற்களைப் பாருங்கள். மாடு பிடி சண்டையில் செத்த வீரன் அப்படித்தான் நிற்கிறான். ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள். செங்கம் பக்கம் எடத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல்லில், வீரனோடு சேர்ந்து திருடர்களைக் கடித்த நாய்க்கும் உருவம் உண்டு. கோவிவன் என்று பெயரும் பொறித்திருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டை போட்ட சேவலுக்கே ஒரு கல். பெண்கள் அந்தக் கற்களில் வருவது பெரும்பாலும் இரண்டு விதம்: செத்த வீரனை மேலுலகம் கூட்டிப்போகும் தேவமங்கை, அல்லது அவனோடு தீயில் இறங்கிய மனைவி. தன் ஆட்டத்துக்காகக் கல்லில் ஏறியவள் மிக அரிது.

வாழப்பாடிப் பக்கத்தில் யாராவது ஒரு ரெய்டருக்குச் சிலை வடிக்கச் சொன்னால் கல்தச்சர் மாடலுக்கு அலைய வேண்டியதில்லை. முன்னால் மடங்கிய அந்தக் காலும் பின்னால் நீண்ட காலும் ஆயிரத்து நானூறு வருஷமாக இங்கே தயாராகவே இருக்கின்றன. வில்லையும் கத்தியையும் எடுத்துவிட்டு, ஜெர்ஸியில் ஒரு நம்பர் போட்டால் போதும்.